மதிலுக்கு வெளியே உள்ள ஆலயங்கள்

வானொலி மறையுரை: அவிலா நகர் புனித தெரேசா திருநாள்



ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் அண்ணனோடு வீட்டைவிட்டுக் கிளம்பினாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மூர்கள் ஆளும் நாட்டுக்குப் போக வேண்டும், அங்கே கிறிஸ்துவுக்காகத் தலையைக் கொடுக்க வேண்டும், அப்படியே நேராக மோட்சம் சேர வேண்டும். இதுதான் அந்தப் பிள்ளைகள் போட்ட திட்டம். நகரத்தின் மதிலைத் தாண்டினார்கள், ஆற்றைக் கடந்தார்கள். அதற்குள் அவர்களுடைய சித்தப்பா எதிரே வந்துவிட்டார். இருவரையும் பிடித்துக் கொண்டுபோய் வீட்டில் ஒப்படைத்தார்.

அந்தச் சிறுமிதான் பிற்காலத்தில் புனிதை ஆன அவிலா நகர் தெரேசா. நம் வீடுகளில் சிறுமலர் தெரேசாளின் படம் இருக்கும். அவருக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பிறந்தவர் இந்தப் பெரிய தெரேசா. 1582ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இரவு இறந்தார். திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் நாள்காட்டியைத் திருத்திய ஆண்டு அது. நான்காம் தேதிக்கு மறுநாளே பதினைந்தாம் தேதி என்று கணக்கிட்டார்கள். அதனால்தான் அக்டோபர் 15ஆம் நாளை அவருடைய திருநாளாகக் கொண்டாடுகிறோம்.

சித்தப்பா பிள்ளைகளைப் பிடித்ததாகச் சொல்லப்படும் இடத்தில் இன்று நான்கு கல்தூண்களும் அவற்றின் நடுவே ஒரு கற்சிலுவையும் நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருப்பயணக் குழுவோடு அங்கே போயிருந்தேன். மத்ரித் நகருக்கு வடமேற்கே, கடல்மட்டத்திலிருந்து 1100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது அவிலா. வெயில் அடித்தாலும் காற்று சில்லென்று வீசுகிறது. அந்த நான்கு தூண்களின் அருகே நின்று பார்த்தால், அதாஹா ஆற்றுக்கு அப்பால் மேட்டின்மேல் முழு நகரமும் தெரிகிறது. முதலில் கண்ணில் படுவது மதில்தான். ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் சுற்றளவு, சராசரியாகப் பன்னிரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் கனம். எண்பதுக்கும் மேற்பட்ட அரைவட்டக் கோபுரங்கள், ஒன்பது வாசல்கள். இடைக்காலத்தில் கட்டிய நகர மதில்களில் இவ்வளவு முழுமையாக இன்றைக்கும் நிற்பவை ஐரோப்பாவில் மிகச் சிலவே.

1085ஆம் ஆண்டு ஆறாம் அல்போன்சோ அரசர் தொலேதோ நகரைக் கைப்பற்றினார். அதன்பின் அவருடைய மருமகன் ரேமண்ட் அவிலாவில் மக்களைக் குடியேற்றினார். மதில் வேலை 1090ஆம் ஆண்டில் தொடங்கியதாக மரபு சொல்கிறது. பெரும்பகுதி 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது வரலாற்று அறிஞர்களின் கருத்து. எல்லைப்புற ஊர் அது. எதிரி எந்த நாளும் வரலாம் என்ற பயத்தில், கையில் கிடைத்த கல்லையெல்லாம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கிழக்குப் பக்கத்து மதிலை உற்றுப் பார்த்தால், உரோமையர் காலத்துக் கல்லறைக் கற்களும் உள்ளே பதிந்திருப்பது தெரியும். இறந்தவர்களின் கற்களை எடுத்து உயிரோடிருப்பவர்கள் தங்களுக்குக் காவல் கட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கிழக்கு மதிலில்தான் இன்னொரு வியப்பும் இருக்கிறது. அங்குள்ள கோபுரங்களில் எல்லாவற்றையும்விடப் பருத்த ஒன்று வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கோட்டைக் கொத்தளம். உள்ளே போய்ப் பார்த்தால், அது பேராலயத்தின் பின்பகுதி. பலிபீடத்தைச் சுற்றியுள்ள அரைவட்டச் சுவரையே நகர மதிலின் ஒரு கோபுரமாகக் கட்டிவிட்டார்கள். ஸ்பெயின் நாட்டில் கோதிக் பாணி கால்வைத்த முதல் ஆலயங்களில் அதுவும் ஒன்று. பலிபீடத்தைச் சுற்றியுள்ள தூண்களிலும் வளைவுகளிலும் வெள்ளைக் கல்லில் சிவப்புத் திட்டுகள் படர்ந்திருக்கின்றன. இரத்தம் சிந்தும் கல் என்று அங்குள்ளவர்கள் அதைச் சொல்கிறார்கள். உள்ளே ஆண்டவர் தம் உடலைப் பிட்டுத் தருகிறார். அதே சுவரின் மறுபக்கத்தில், மேலே ஏறி வருபவன்மேல் எறிய வீரன் கல்லோடு காத்திருந்தான். ஒரே சுவர்தான். நான் அந்த இடத்தில் நெடுநேரம் நின்றேன். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தின் பயம் உண்மையான பயம். ஆனால் ஆலயத்தின் சுவர் கோட்டைச் சுவராகவும் பழகிவிட்டால், பயம் போன பிறகும் அது கோட்டையாகவே இருந்துவிடும் அல்லவா?

1985ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அவிலாவை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் அவிலாவுக்குக் கொடுத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள்: அவிலாவின் பழைய நகரும் மதிலுக்கு வெளியே உள்ள அதன் ஆலயங்களும். மதிலுக்கு வெளியே உள்ள ஆலயங்கள்! அவிலாவின் கதையே அந்தச் சொற்களுக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. வாருங்கள், வாசலைத் தாண்டி வெளியே போவோம்.

வடகிழக்கு வாசலைத் தாண்டியதும் எதிரே நிற்பது புனித வின்சென்ட் ஆலயம். உரோமைப் பேரரசின் கொடுமையில், நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வின்சென்ட், சபீனா, கிறிஸ்தெத்தா என்ற உடன்பிறப்புகள் மூவர் மறைசாட்சிகளாக உயிர்விட்ட இடம் என்று அதைப் போற்றுகிறார்கள். ஆலயத்தின் உள்ளே அவர்களுடைய நினைவுக் கல்லறை இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் சிற்பிகள் அதன்மேல் அவர்கள் பட்ட பாடுகளையெல்லாம் படம்படமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கடைசிப் படங்களில் ஒரு யூதர் வருகிறார். அநாதையாகக் கிடந்த உடல்களைப் பார்த்து அவர் ஏளனம் செய்தார், ஒரு பாம்பு வந்து அவரைச் சுற்றிக்கொண்டது, அவர் மனம்மாறி மூவரையும் அடக்கம்செய்து அந்த ஆலயத்தையும் கட்டினார் என்பது கதை. இது வரலாறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை. தங்கள் ஆலயங்களில் ஒன்றைத் தங்களுக்குக் கட்டித்தந்தவர் மனம்மாறிய யூதர் என்று சொல்லிவந்த மக்கள், தங்களோடு வாழ்ந்த மனம்மாறிய யூதர்களை எப்படி நடத்தினார்கள்? இனி நான் சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

ஊரின் தென்கிழக்கே, அதுவும் மதிலுக்கு வெளியே, புனித தோமா மடம் இருக்கிறது. தொமினிக்கன் சபைக்கு உரியது. கத்தோலிக்க அரசர்கள் என்று பெயர் பெற்ற பெர்தினாந்தும் இசபெல்லாவும் அதை ஆதரித்து வளர்த்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முற்றங்கள். ஆலயத்தின் நடுவே அவர்களுடைய ஒரே மகன் யுவான் பளிங்கில் படுத்திருக்கிறார். 1497ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில் இறந்துபோன இளவரசர். அதே மடத்தில்தான் மறுவருடம் தொர்க்கெமாதா என்ற துறவி இறந்து அடக்கமானார். சமய விசாரணை மன்றத்தின் முதல் தலைமை நீதிபதி அவர். யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று 1492ஆம் ஆண்டு அரசாணை பிறந்தது. திருமுழுக்குப் பெற்றவர்கள் மட்டும் இருக்கலாம். சரி, திருமுழுக்குப் பெற்றவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா? இல்லை. இவன் பழைய கிறிஸ்தவன், அவன் புதுக் கிறிஸ்தவன் என்று பிரித்தார்கள். இரத்தம் சுத்தமா என்று கேட்டார்கள். பாட்டன் பூட்டன் வரை தோண்டி விசாரித்தார்கள். யூத வழிவந்தவர்களுக்குப் பதவி இல்லை என்று 1547ஆம் ஆண்டு தொலேதோ பேராலயமே விதி செய்தது.

அன்புக்குரியவர்களே, அவிலாவின் கருங்கல் மதிலை நாம் படம் எடுக்கலாம். இந்த மதிலைப் படம் எடுக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்து மனிதர்கள் நாள்தோறும் இடித்துக்கொண்டது இந்த மதிலில்தான்.

அந்த மதிலில் இடித்துக்கொண்டவர்களில் தெரேசாவின் தாத்தாவும் ஒருவர். யுவான் சான்செஸ் என்பது அவர் பெயர். தொலேதோவில் துணி வியாபாரி. யூதக் குடும்பத்திலிருந்து மனம்மாறியவர். மறைவாகப் பழைய மதத்தைக் கடைப்பிடித்ததாக 1485ஆம் ஆண்டு விசாரணை மன்றத்தின் முன் அறிக்கையிட வேண்டியதாயிற்று. அவமான அங்கியை அணிந்துகொண்டு ஏழு வெள்ளிக்கிழமைகள் ஊரார் பார்க்க ஆலயம் ஆலயமாக நடக்க வேண்டும் என்று தண்டனை கிடைத்தது. அப்போது தெரேசாவின் தந்தை சிறு பிள்ளை. இப்படிப்பட்ட அங்கிகளைப் பிறகு பங்கு ஆலயத்தின் சுவரில் பெயரோடு தொங்கவிடுவதும் அந்நாளைய வழக்கம். பேரன் பேத்தி காலம்வரை அவமானம் மறையக் கூடாதாம்! திருப்பலிக்கு வருகிற ஒவ்வொரு ஞாயிறும் தன் குடும்பத்தின் வெட்கத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டிய ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் குடும்பம் அவிலாவுக்குக் குடிபெயர்ந்தது. கடை வைத்தது, சம்பாதித்தது, பிள்ளைகளுக்கு நல்ல இடத்தில் திருமணம் முடித்தது. அடுத்த தலைமுறை, நாங்கள் பிரபுக் குலத்தவர் என்று நீதிமன்றத்தில் வழக்காடித் தீர்ப்பும் வாங்கியது. 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் பிறந்த தெரேசா, அந்த வழக்கு நடக்கும்போது சின்னப் பெண். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இன்று கார்மேல் சபையின் ஆலயம் நிற்கிறது, 1636ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தெற்கு மதில் வாசலுக்கு மிக அருகில், மதிலுக்கு உள்ளே. புனித யோவான் ஆலயத்தில் அவர் திருமுழுக்குப் பெற்ற தொட்டியையும் காட்டுகிறார்கள். அந்தத் தொட்டியின் அருகே நின்றபோது எனக்குத் தோன்றியது: இந்தத் தண்ணீருக்குள் இறங்கி எழுந்தவரிடம் இதற்குமேல் என்ன இரத்தச் சுத்தத்தைக் கேட்பது?

1535ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நாளில், தெரேசா தந்தைக்குச் சொல்லாமல் மீண்டும் வீட்டைவிட்டுக் கிளம்பினார். இந்த முறை சித்தப்பா பிடிக்கவில்லை. வடக்கு மதிலுக்கு வெளியே உள்ள மனுவுருவேற்புத் துறவுமடத்தில் சேர்ந்தார். ஆனால் அந்த மதில் மடத்துக்குள்ளும் இருந்தது. பெரிய வீட்டுப் பெண்களுக்கு மடத்திலும் தனி அறைகள், சிலருக்கு உடன் பணிவிடைக்காரிகள். ஏழைச் சகோதரிகளுக்குப் பொதுப் படுக்கைக் கூடம். உயர்குடியில் பிறந்தவர்களைத் துறவு உடையிலும் ‘தோன்யா’, அதாவது சீமாட்டி, என்றே அழைத்தார்கள். நம் புனிதையும் அங்கே தோன்யா தெரேசா தெ அவுமாதாதான். மேலும் கீழுமாக இரண்டு அறை அவருக்கும் இருந்தது. அந்த மடத்தின் அருகே, நகரத்து யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டம் அண்மைக் காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, இப்போது நினைவுத் தோட்டமாக அமைதியாக இருக்கிறது. யாருடைய பேத்தி என்பதை மறைத்து வாழ வேண்டியிருந்த அந்தப் பெண், யாருடைய கல்லறைகளுக்குப் பக்கத்தில் இத்தனை ஆண்டுகள் செபித்தார் பாருங்கள்!

பிறகு 1562ஆம் ஆண்டு ஆகஸ்டு 24. கிழக்கு மதிலுக்கு வெளியே ஒரு சிறிய வீட்டில், மிகச் சிறிய மணியொன்று ஒலித்தது. ஏழைப் பெண்கள் நால்வர் துறவு உடை பெற்றார்கள். தெரேசா தொடங்கிய முதல் மடமான புனித சூசையப்பர் மடம் அது. அந்த நால்வரும் அநாதைகள், சீர்ப்பணம் எதுவும் கொண்டுவராதவர்கள். அங்கே சீமாட்டிப் பட்டம் கிடையாது. எல்லாரும் சகோதரிகள். பெரிய குடும்பத்தில் பிறந்தவர் தன் தந்தையின் பெயரைச் சொல்லாமலே இருக்கட்டும் என்பது தெரேசாவின் அறிவுரை. அவரும் குடும்பப் பெயரைக் களைந்துவிட்டார். அதுமுதல் அவர் இயேசுவின் தெரேசா.

இதற்கு ஊர் என்ன செய்தது தெரியுமா? கொதித்தெழுந்தது. நிலையான வருமானம் இல்லாமல் பிச்சையை நம்பி வாழும் மடம் ஊருக்குச் சுமை என்று நகர மன்றம் கூடிப் பேசியது. மூட வேண்டும் என்று வழக்கும் போட்டது. அவ்வளவு பெரிய மதிலைக் கட்டிய ஊர், நான்கு ஏழைப் பெண்களைக் கண்டு பயந்தது! கூட்டத்தில் தொமிங்கோ பாஞ்ஞேஸ் என்ற இளம் தொமினிக்கன் குரு எழுந்து அந்த மடத்துக்காகப் பேசினார். தெரேசாவை அன்றைக்கே பழைய மடத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பல மாதங்கள் கழித்துத்தான் சூசையப்பர் மடத்துக்கு வர அனுமதி கிடைத்தது. வரும் வழியில் புனித வின்சென்ட் ஆலயத்தின் நிலவறையில் அன்னை மரியாவின் திருவுருவத்தின் முன் செபித்து, காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார் என்று மரபு சொல்கிறது. மனம்மாறிய யூதர் கட்டியதாகக் கதை சொல்லும் அதே ஆலயத்தில்!

அவருக்கு அறுபத்திரண்டு வயதானபோது, 1577ஆம் ஆண்டில், ஒரு நூல் எழுதினார். நாம் அதை ‘அகக் கோட்டை’ என்று சொல்கிறோம். கோட்டை ஊரில் பிறந்தவருக்குக் கோட்டைதானே நினைவுக்கு வரும்? ஆனால் இந்தக் கோட்டை பளிங்குபோல ஒளி உள்ளே போகிற கோட்டை. அது மனிதரின் ஆன்மா. பல உறைவிடங்கள், நடு அறையில் அரசராகிய இறைவன். அதற்குள் நுழைய வாசல் செபம். அந்த வாசலில் நின்று உன் தாத்தா யார் என்று கேட்க ஒரு காவலனும் இல்லை. இந்த நூலை அவர் எங்கே எழுதத் தொடங்கினார் தெரியுமா? தொலேதோவில். தாத்தா அவமான அங்கியோடு நடந்த அதே ஊரில். எழுதி முடித்ததோ அவிலாவில், அந்தச் சின்ன சூசையப்பர் மடத்தில்.

1622ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் திருஅவை அவரைப் புனிதராக உயர்த்தியது. அதே நாளில், அதே பீடத்தில் உயர்த்தப்பட்ட இன்னொருவர் நம் முத்துக்குளித்துறைக்கு 1542ஆம் ஆண்டில் வந்து, கடற்கரை ஊர்களில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்த புனித சவேரியார். 1970ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் தெரேசாவை மறைவல்லுநர் என்று அறிவித்தார். அந்தப் பெயரைப் பெற்ற முதல் பெண் அவர். அவருடைய குடும்பத்தின் பழைய வழக்கு ஆவணங்கள் வெளிவந்து, யூத வழித்தோன்றல் என்பது உலகுக்குத் தெரிந்ததோ 1946ஆம் ஆண்டில்தான். எந்த இரத்தம் தூய்மையற்றது என்று விதி எழுதினார்களோ, அந்த இரத்தத்தில் வந்தவரிடம்தான் திருஅவை இன்று செபிக்கக் கற்றுக்கொள்கிறது.

அன்பார்ந்தவர்களே, இவ்வளவையும் நான் ஏன் சொல்கிறேன்? என் மனச்சான்றை உறுத்தும் ஒரு நிகழ்ச்சியை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். குருப்பட்டம் பெற்ற முதல் ஆண்டு. உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஒரு முதியவரின் அடக்கத்துக்குப் போனேன். அந்தக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர் ஓடியது. குழியைச் சுவருக்கு எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. உபதேசியாருக்குத் தெரிந்திருந்தது, குழி வெட்டியவருக்குத் தெரிந்திருந்தது, இறந்தவரின் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. நானும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தேன். பார்க்காதவன்போல் செபப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன். தீர்த்தம் தெளித்தேன், நித்திய இளைப்பாற்றிக்காக மன்றாடினேன், வந்துவிட்டேன். மூத்த மகன் என் கையைப் பிடித்து, “ரொம்ப நன்றி சாமி” என்றார். அந்த நன்றி இன்னும் என் கையில் சுடுகிறது.

அவிலாவில் இறந்தவர்களின் கல்லை எடுத்து எதிரிக்கு எதிராக மதில் கட்டினார்கள். நாமோ இறந்த நம் சகோதரருக்கும் சகோதரிக்கும் நடுவிலேயே மதில் கட்டியிருக்கிறோம். கிறிஸ்து தம் உடலில் இடைச்சுவரைத் தகர்த்தார் என்று பவுலடியார் எபேசியருக்கு எழுதினார். ஆண்டவர் நகர வாசலுக்கு வெளியேதான் பாடுபட்டார், நாமும் வெளியே அவரிடம் போவோம் என்கிறது எபிரேயர் திருமுகம். திருவெளிப்பாட்டில் வரும் புதிய எருசலேமுக்கும் மதில் உண்டு. ஆனால் அதன் பன்னிரண்டு வாயில்களும் ஒருபோதும் மூடப்படுவதில்லை. மோட்சத்தில்கூட மதில் இருக்கலாம், மூடிய வாசல் இருக்க முடியாது.

எல்லா ஊரிலும் கல்லறையில் சுவர் இல்லை என்பதை நான் அறிவேன். ஆனால் பெண் பார்க்கப் போகும்போது நாம் முதலில் கேட்கும் கேள்வி என்ன? திருவிழாவில் தேர் எந்தத் தெருவரை போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்று முடிவு செய்வது யார்? அன்பியக் கூட்டம் நடக்கும் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குபவர் நம்மில் யாருமே இல்லையா? இவையெல்லாம் படம் எடுக்க முடியாத மதில்கள். கட்டியவர்கள் நம் முன்னோர்களாக இருக்கலாம். இன்றைக்குப் பூசி வெள்ளையடிப்பவர்கள் நாம்தான்.

இன்னும் இரண்டு வாரத்தில் கல்லறைத் திருநாள் வருகிறது. தெரேசா தந்தை வீட்டை விட்டு வெளியேறிய நாள் அது. எல்லாரும் உங்கள் பெற்றோரின் கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோவீர்கள். இந்த ஆண்டு ஒரு மெழுகுதிரி கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். சுவர் இருக்கும் ஊரானால் சுவரைச் சுற்றி மறுபக்கம் போங்கள். சுவர் இல்லாத ஊரானால், உங்கள் உறவினர் யாரும் போகாத ஒரு கல்லறையைத் தேடிப் போங்கள். அங்கே அதை ஏற்றிவைத்து, பெயர் சொல்லி ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். யாருக்காக என்று அவர்கள் கேட்பார்கள். நம் சகோதரருக்காக என்று பதில் சொல்லுங்கள். நானும் ஒரு மெழுகுதிரி வாங்குகிறேன். அந்த முதியவரின் குழி எங்கே இருக்கிறது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

செபிப்போம். நகர வாசலுக்கு வெளியே எங்களுக்காகப் பாடுபட்ட ஆண்டவரே, பட்டத்தையும் குலப்பெயரையும் களைந்து உம் பெயரை மட்டும் சுமந்த புனித தெரேசாவின் வழியில் எங்களையும் நடத்தும். எங்கள் அகக் கோட்டையின் நடுவே வீற்றிருக்கும் உம்மை எங்கள் அயலாரிடமும் கண்டுகொள்ள அருள்தாரும். எங்கள் கைகளால் எழுப்பிய சுவர்களை எங்கள் கைகளாலேயே இறக்கும் துணிவைத் தாரும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.